எஞ்சிய நீர் எங்கே?

ஆலைக் கழிவு நீரைச் சவ்வுகளினூடே செலுத்தித் தெளிவாக்கும் முறையைப் பற்றி இக்காலத்தில் கற்றோரும் வணிகரும் மிகுதியாகப் பேசுகின்றனர். சாயப்பட்டறையிலிருந்து கருநீலமாய் வெளிப்படும் நீர் ஒரு குழாயின் வழியே உட்புகுந்து, மறு குழாயின் வழியே பளிங்கெனத் தெளிந்து வருதலைக் கண்டோர் வியவாதிரார். நாமும் வியந்தோம். ஆயினும், அவ்வியப்பு அடங்கியபின் எழவேண்டிய வினா ஒன்றுண்டு. அதனைக் கேட்போர் சிலரே. நீர் தெளிந்தது, நீரில் இருந்த அழுக்கு எங்கே சென்றது? இவ்வினாவைச் செங்கற்பட்டு மாவட்டத்தாராகிய நாம் பிறரினும் முந்திக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம் என்பதே ஈண்டு நாம் கூற விழைவது.

நம் மாவட்டத்திற்கு இக்கடமை வந்தது எவ்வாறெனின், பாலாற்றினால் என்க. கருநாடகத்து நந்தி மலையில் தோன்றி, ஆந்திர மாநிலத்தின் ஒரு மூலையைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களை அடுத்து வந்து, செங்கற்பட்டின் அருகாகச் சென்று, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் கடந்தபின் வாயலூர் அருகில் அவ்வாறு கடலிற் கலக்கிறது. மாமல்லபுரத்துக் கற்றளிகளைக் காணச் செல்வோர் கடற்கரைச் சாலையில் இன்னும் சிறிது தெற்கே சென்றால் அக்கழிமுகத்தைக் காணலாம். ஆண்டில் பெரும்பகுதி அங்கே காண்பது மணலேயன்றி நீரன்று. எனினும் அம்மணலின் கீழே ஊறும் நீரே தாம்பரம், பல்லாவரம் போன்ற நகரங்களுக்கும் கல்பாக்கத்துக் குடியிருப்பிற்கும் நெடுங்காலமாகக் குடிநீராய் உதவி வருகிறது. கோடையில் ஆற்று மணலைக் கையாற் பறித்து, ஊற்று நீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பிய மூதாட்டியர் நம் சிற்றூர்களில் இன்னும் உளர்.

அவ்வாற்றின் மேற்பகுதியிலோ, தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நூற்றுக்கணக்கில் அமைந்துள்ளன. அங்கே கலந்த யாவும் நம் ஊற்றுகளில் வந்து சேர்ந்தன என்று நாம் சொல்ல வரவில்லை. மணலும் தொலைவும் பலவற்றைத் தடுக்கவல்லன. ஆனால் ஆற்றின் கடைக்கோடியில் இருப்போன் தலைமாட்டில் நடப்பதை அறியாதிருத்தல் தகாது. மேலும், இத்தொழில் நமக்கு அயலானதுமன்று. குரோம்பேட்டை என்னும் பெயரே, குரோமிய உப்பினால் தோலைப் பதப்படுத்திய ஒரு தொழிற்சாலையினால் வந்தது. திருப்போரூரை அடுத்த ஆலத்தூரில் மருந்து செய்யும் ஆலைகளுக்கென்றே ஒரு தொழிற்பேட்டை உள்ளது. மறைமலை நகரிலும் அதனைச் சூழ்ந்தும் ஊர்திகளும் அவற்றின் உறுப்புகளும் செய்யும் ஆலைகள் பெருகியுள்ளன. ஆகவே பிறரைக் குறை கூறிவிட்டு நாம் ஒதுங்குதற்கு இடமில்லை.

இனிச் சவ்வு என்பது யாதென்று சிறிது காண்போம். நம் வீட்டுப் பெண்மக்கள் இதனை நம்மினும் நன்கறிவர். உலர்ந்த திராட்சையை நீரிலிட்டால் பருக்கிறது. வடுமாங்காயை உப்பிலிட்டால் சுருங்கிப் போகிறது. இரண்டிலும் தோல் நீரை விடுகிறது. பிறவற்றை எளிதில் விடுவதில்லை. உப்போ சருக்கரையோ எப்பக்கம் செறிந்துள்ளதோ அப்பக்கம் நோக்கி நீர் தானாகவே செல்லும். இதனைச் சவ்வூடு பரவல் என்பர். பிரெஞ்சு நாட்டுப் பாதிரியாரும் பௌதிக நூலாருமாகிய நொல்லே என்பார், 1748ஆம் ஆண்டில், சாராயம் நிறைந்த கலத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் மூடி நீரில் அமிழ்த்தி, நீர் உட்புகுந்து அப்பை புடைத்தலைக் கண்டு எழுதிவைத்தார். நீர் செல்லும் திசைக்கு எதிராக, செறிந்த பக்கத்திலிருந்து மிகுந்த அழுத்தத்தைத் தந்தால் அது திரும்பி ஓடும். அதுவே இன்று வீடுதோறும் ‘ஆர்.ஓ.’ என வழங்கும் எதிர்ச் சவ்வூடு பரவல்.

கருத்து எளிது; அதற்கேற்ற சவ்வு கிடைத்தல் அரிதாயிற்று. உப்பைத் தடுக்கும் சவ்வு நீரையும் ஏறக்குறையத் தடுத்துவிட்டது. இத்தடையை 1960ஆம் ஆண்டை ஒட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நீக்கியவர் இருவர். ஒருவர் சிட்னி லோப். மற்றவர் நம் நாட்டிற் பிறந்து சென்றவரும், திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமத்தைத் தாங்கியவருமாகிய ஸ்ரீநிவாச சௌரிராஜன். மரத்தினின்றும் பருத்தியினின்றும் கிடைக்கும் செல்லுலோசை மாற்றிச் செய்த பொருளைக்கொண்டு, மேலே மிக மெல்லிய செறிந்த படலமும் கீழே துளைகள் நிறைந்த தடித்த பகுதியும் ஒன்றாய் அமைந்த சவ்வினை அவர்கள் ஆக்கினார்கள். 1965ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூரில் உவர் நீர் இதனால் குடிநீராக்கப்பட்டது. இப்பெயரை நம் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? கிரிக்கெட்டு ஆடுவோரின் பெயர்களை நாம் அறிந்திருப்பதில் தவறில்லை, இதனையும் அறிந்திருக்கலாம்.

இப்பொழுது பெரும்பாலும் வழங்குவது நைலான் இனத்தைச் சேர்ந்த பாலியமைடு என்னும் பாலிமரால் ஆகிய சவ்வு. மேலேயுள்ள படலத்தின் தடிப்பு நம் தலைமயிரின் தடிப்பில் சில நூற்றில் ஒரு பங்கே. அதனைத் தாங்குதற்கு வேறொரு பாலிமர்ப் படுகையும், அதன் கீழே நெய்யாத துணியொன்றும் உண்டு. இத்தகைய தாள்களை இடையிடையே வலை வைத்து, கோரைப்பாயைச் சுருட்டுவதுபோற் சுருட்டி, குழாய்களுள் செலுத்தி வைத்திருப்பர். சிறுநீரகம் பழுதுற்றோரின் குருதியைத் தூய்மை செய்யும் டயாலிசிஸ் என்னும் சிகிச்சையிலும் உயிர் காப்பது பாலிமர்ச் சவ்வே. ஆகவே இப்பொருளை நாம் இழித்துரைக்க வரவில்லை என்பதை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆலைக் கழிவில் உள்ள கரிமப் பொருள்கள் பல திறத்தன. தோல் ஆலையில் மயிர், கொழுப்பு, புரதம், ஆவாரம்பட்டை முதலியவற்றின் துவர்ப்புச் சத்து. சாயப்பட்டறையில் சாயமும் கஞ்சியும். மருந்தாலையில் மருந்தின் எச்சமும் அதனைக் கரைத்த திரவங்களும். இவற்றுள் புரதம், கஞ்சி போன்றவற்றை நுண்ணுயிர்கள் உண்டு தீர்த்துவிடும். சாயம், துவர்ப்புச் சத்து, சில மருந்துகள் ஆகியவற்றை அவை எளிதில் தொடா. உடுத்தும் ஆடையில் வெயிலுக்கும் சலவைக்கும் அசையாது நிற்கவேண்டும் என்றே செய்யப்பட்ட சாயத்தை ஒரு கிருமி எவ்வாறு உண்ணும்? அவ்வாறு உண்ண இயலாததைத் தடுத்து நிறுத்துவதிலேதான் சவ்வின் பெருமை விளங்குகிறது. ‘நானோ’ எனப்படும் வகைச் சவ்வு சாயத்தை நிறுத்திவிட்டுச் சாதாரண உப்பைப் பெரும்பாலும் செல்ல விடுகிறது. அவ்வுப்பு நீரை மீண்டும் சாயத் தொட்டிக்கே கொண்டுசெல்லலாம். அதனினும் நெருக்கமான ஆர்.ஓ. சவ்வு உப்பையும் நிறுத்துகிறது.

ஆனால் சவ்வு யாவற்றையும் நிறுத்தும் என்று எண்ணுதல் பிழை. அது பெரும்பான்மையும் உருவின் அளவையும் மின்தன்மையையும் நோக்கியே தடுக்கிறது. பெரிய மூலக்கூறுகள் நிற்கும். யூரியா, மீதைல் ஆல்கஹால் போன்ற சிறியவை ஓரளவு நுழைந்து சென்றுவிடும். பீனாலும் முற்றிலும் நிற்பதில்லை. அன்றியும், எவற்றைத் தடுக்கவேண்டுமோ அவையே சவ்வின்மீது படிந்து அதன் வாயை அடைக்கின்றன. துவர்ப்புச் சத்தும் கொழுப்பும் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். அவற்றின்மேல் கிருமிகள் வழுவழுப்பான படலமாய் வளரும். கிருமியைக் கொல்லக் குளோரின் இட்டால் பாலியமைடே கெட்டுப்போகும். எனவே சவ்வுக்கு முன்னர் நுண்ணுயிர்த் தொட்டிகளும் வடிகட்டிகளும் ஒழுங்காக நடைபெறவேண்டும். அவற்றில் சோம்பியிருந்துவிட்டு, ‘பின்னால் சவ்வு உள்ளதே’ என்றிருக்கும் ஆலையில் சவ்வு சில மாதங்களிலேயே குப்பைக்குச் செல்லும். அக்குப்பையும் பாலிமரே; அதனை மண்ணும் உண்ணாது, மாடும் உண்ணாது.

இப்பொழுது நம் வினாவிற்கு வருவோம். நூறு குடம் கழிவு நீரைச் சவ்வுக்கு முன் கொண்டுவந்து, 85 குடம் தெளிந்த நீரைப் பெற்றதாகக் கொள்வோம். எஞ்சிய 15 குடத்தில், நூறு குடத்தில் இருந்த உப்பும் சாயமும் ஏறத்தாழ முழுவதும் அடங்கியிருக்கும். முன்னிலும் ஆறு மடங்குக்கு மேற் செறிந்திருக்கும். ஆலையில் வேலை செய்வோர் இதனை ‘ரிஜெக்ட்’ என்பர். சவ்வு பிரிக்கிறது, அழிப்பதில்லை. அரிசியையும் கல்லையும் முறம் பிரிக்கிறது, கல்லைக் கரைத்துவிடுவதில்லை. தெளிந்த 85 குடத்தைப் படம் பிடித்து வெளியிடுவோர் எஞ்சிய 15 குடத்தைப் படம் பிடிப்பதில்லை.

நம் கடற்கரையிலேயே சவ்வின் பெரும்பணி ஒன்று நடைபெறுகிறது. மாமல்லபுரத்திற்கு வடக்கே நெம்மேலியில், நாள்தோறும் 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் ஆலை 2013ஆம் ஆண்டிலும், 15 கோடி லிட்டர் தரும் மற்றோர் ஆலை 2024ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் அணுமின் நிலையத்தை ஒட்டி அமைத்த ஆலையிலும், காய்ச்சி வடித்தலோடு சவ்வு முறையும் சேர்ந்துள்ளது. கடல்நீரின் இயல்பான சவ்வூடு அழுத்தமே காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 27 மடங்கு; அதனை வென்று நீரைத் திருப்ப 55 முதல் 70 மடங்கு அழுத்தம் வேண்டும். அவ்வாறு செய்தும் உள்ளே வந்த நீரிற் பாதிக்குக் குறைவாகவே குடிநீராகிறது. எஞ்சியது இருமடங்களவு உப்பு நீராய்க் கடலுக்கே திரும்புகிறது. அங்குள்ள மீனவர்கள் இவ்வாலையால் தம் கரைக்கும் மீனுக்கும் நேரும் தீங்கைப் பற்றி முறையிட்டு வந்துள்ளனர். அம்முறையீடு செவிகொடுத்துக் கேட்கத் தக்கதே. எனினும், கடலிலிருந்து வந்த உப்பு கடலுக்கே போகிறது என்று சொல்லுதற்கேனும் அங்கு வழியுண்டு. சாயமும் குரோமியமும் மருந்தும் எக்கடலிலிருந்து வந்தன? நெம்மேலியைக் கண்டு திரும்பியோர், ‘ஆலைக் கழிவையும் இவ்வாறே செய்துவிடலாமே’ என்று கூறுவதைக் கேட்டிருக்கிறோம். சவ்வு ஒன்றே, எஞ்சுவது வேறு.

கழிவைக் குழாயில் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாம் என்னும் யோசனையும் நம் மாநிலத்தில் பலமுறை எழுந்ததுண்டு. பேதுரு யோப்பா பட்டணத்தில் தங்கியிருந்தது, கடலோரத்தில் வீடு கொண்டிருந்த சீமோன் என்னும் தோல் பதனிடுவோனிடத்தில் என்று அப்போஸ்தலர் நடபடிகளிற் படிக்கிறோம். நாற்றமும் கழிவும் ஊருக்குள் வராமல் கடற்பக்கம் செல்லட்டும் என்று அக்காலத்தார் கருதினர் போலும். சீமோனுக்கு அது போதியதாயிருந்தது. அவன் தொட்டியில் குரோமியம் இல்லை. நூற்றுக்கணக்கான ஆலைகள் வாழும் இக்காலத்திற்கு அது விடையாகாது. கடற்கரையிலும் மக்கள் வாழ்கின்றனர்.

எஞ்சிய நீரைக் கணக்கிற் கொள்ளாதிருந்ததால் நேர்ந்ததைத் திருப்பூரிற் காணலாம். நொய்யலாற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992ஆம் ஆண்டில் கட்டிய அணை வேளாண்மைக்கென எழுந்தது. சாயக் கழிவின் குளமாய் முடிந்தது. அணையைத் திறந்தால் கீழுள்ள வயல் கெடும்; மூடினால் சுற்றியுள்ள கிணறு கெடும். ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். பல்லாண்டு வழக்கிற்குப்பின், 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையை எய்தும்வரை சாயப்பட்டறைகள் மூடப்படவேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கூலியாட்கள் பட்ட துன்பம் சிறிதன்று. அதன்பின் அரசின் உதவியோடும் தம் பொருளோடும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்தி அமைத்தனர். நுண்ணுயிர்த் தொட்டி, அதன்பின் நுண்வடிகட்டி, அதன்பின் பல அடுக்கு ஆர்.ஓ. சவ்வு, எஞ்சிய நீரைக் கொதிக்கவைத்து வற்றச்செய்யும் பெருங்கொதிகலங்கள் என இவை அமைந்தன. தெளிந்த நீர் மீண்டும் பட்டறைக்குச் செல்கிறது. சோடியம் சல்பேட்டு உப்பைப் பிரித்து அதனையும் மீண்டும் சாயமிடுதற்கே தருகின்றனர். உலகில் வேறெங்கும் இத்தனை சிறு பட்டறைகள் ஒன்றுகூடி இதனைச் செய்ததை நாம் கேள்வியுற்றதில்லை. இது திருப்பூராரின் பெருமையே; அதனை மறைப்பது நன்றியன்று.

ஆயினும், அங்கும் இறுதியில் ஒன்று எஞ்சுகிறது. பிரிக்க இயலாத கலப்பு உப்பும், சாயம் தோய்ந்த சேறும் மூட்டைகளிற் கட்டப்பட்டு அடுக்கடுக்காய் ஏறுகின்றன. வற்றச்செய்ய எரிக்கும் விறகும் மின்சாரமும் வேறொரு செலவு. அவற்றின் புகை வேறொரு கழிவு. சவ்வு நீரைக் காத்தது. நிலத்திற்கும் காற்றிற்கும் அது பொறுப்பேற்றதன்று.

இவ்வாறு எஞ்சியதைச் சிறு காரியமென எண்ணுதல் எத்துணைக் கொடிது என்பதனை நம் பாலாற்றங்கரையே அறிந்துள்ளது. 2015ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டையில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. உள்ளே சேர்ந்திருந்த சேறு அடுத்திருந்த ஆலைக்குட் பாய்ந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் அதில் அமிழ்ந்து மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் கொல்லப்பட்டது பகைவராலன்று, வெள்ளத்தாலுமன்று. சுத்தம் செய்யும் நிலையத்தில், சுத்தம் செய்தபின் எஞ்சியதனால் மாண்டனர். இச்செய்தி சில நாள் பத்திரிகைகளில் வந்து மறைந்தது. கழிவு நீரைப் பற்றிப் படிக்கும் எம் மாணவர்களிடம் இதனைக் கூறியபொழுது, பலர் அதனைக் கேள்விப்பட்டதேயில்லை.

அதே ஊரில், குரோமேட்டு உப்புச் செய்த ஓர் ஆலை மூடப்பட்டு, அதன் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் திறந்த வெளியில் பல்லாண்டுகள் குன்றெனக் கிடந்தது. ஆலை சென்றது, உடைமையாளர் சென்றனர், எஞ்சியது மட்டும் தங்கியது. மழை தோறும் அது மஞ்சள் நீராய்க் கசிந்தது.

நீதிமன்றங்கள் உறங்கவில்லை. வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, இந்நாட்டுச் சட்டத்தில் ஓர் எல்லைக்கல். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பகுதியோ பயிருக்கு உதவாததாயிற்று என்றும் அத்தீர்ப்பிற் காண்கிறோம். கெடுத்தவனே ஈடு செலுத்தவேண்டும் என்னும் நெறி அதில் உறுதியாயிற்று. ஆயினும் 2025ஆம் ஆண்டு சனவரியில், அதே பாலாற்றுத் தோல் ஆலைகளின் பொருட்டு, அதே உச்சநீதிமன்றம் மீண்டும், துன்புற்றோர்க்கு ஈட்டுத்தொகை அளித்து அதனைக் கெடுத்தோரிடமிருந்து தண்டுமாறு கட்டளையிட நேர்ந்தது. இடையில் 28 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. முதல் தீர்ப்பின் நாளிற் பிறந்த குழந்தை இரண்டாம் தீர்ப்பின் நாளில் தன் குழந்தைக்குக் குடிநீர் விலைக்கு வாங்கியிருக்கும்.

இதனைக் கேட்டு, ‘தோல் ஆலைகள் யாவற்றையும் மூடிவிடுக’ என்போர் உளர். அவரோடு நாம் உடன்படோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இத்தொழிலை நம்பிப் பல்லாயிரம் இல்லங்களில் அடுப்பெரிகிறது. காலணி தைக்கும் தொழிற்கூடங்களிற் பெரும்பகுதியினர் பெண்மக்கள். மூடினால் தோல் வேறொரு நாட்டிற்குச் செல்லும். கழிவும் ஆங்கொரு ஆற்றிற்குச் செல்லும். மறுபுறம், ‘சவ்வு அமைத்துவிட்டோம், இனி எம்மை வினவற்க’ என்போரும் உளர். அவரோடும் உடன்படோம். சவ்வு என்பது கடமையின் தொடக்கமேயன்றி, கடன் தீர்ந்தமைக்கு அளித்த சீட்டன்று.

நம் கருத்து இது. ஓர் ஆலை எத்தனை லிட்டர் தெளிந்த நீரைத் தந்தது என்பதை மட்டும் பதிவு செய்தல் போதாது. உள்ளே வந்த உப்பு எத்தனை, கரிமப் பொருள் எத்தனை, அவற்றுள் அழிந்தது எத்தனை, மீண்டும் பயன்பட்டது எத்தனை, மூட்டையிற் கட்டியது எத்தனை, அம்மூட்டை இன்று எவ்விடத்தில் உள்ளது என, மளிகைக்கடைப் பேரேடுபோல் வரவும் செலவும் நேர்பட எழுதி, ஊரார் எவரும் பார்க்கும்படி வைத்தல் வேண்டும். வரவு மிகுந்து செலவு குறைந்தால், குறைந்தது ஆற்றுக்கோ நிலத்துக்கோ போயிற்றென்பது சிறுவனுக்கும் விளங்கும். இதற்குப் புதிய இயந்திரம் வேண்டா.

சவ்வினால் விளையும் உண்மையான நன்மை வேறொன்று உண்டு. பரந்து கிடந்த நஞ்சைச் சிறிய அளவு நீரில் அது திரட்டித் தருகிறது. நூறு குடத்தில் கரைந்த சாயத்தை ஓசோனாலோ, ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்புப்பும் சேர்ந்த கலவையாலோ சிதைப்பது பெருஞ்செலவு. 15 குடத்தில் திரண்டதைச் சிதைப்பது அதனினும் எளிது. அங்கே உப்பு சிறிது இடையூறு செய்யுமாயினும், முயலாமைக்கு அது காரணமாகாது. ஆகவே, தெளிந்த நீருக்காகச் செலவிடும் ஆராய்ச்சியிற் பாதியையேனும் எஞ்சிய நீருக்குச் செலவிடவேண்டும். அடையாற்றில் 1948ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும், பவநகரத்தில் சவ்வுகளை நம் நாட்டிலேயே ஆக்கிவரும் மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையமும் இருக்க, ஆள் இல்லை, அறிவு இல்லை என்று நாம் கூற இயலாது.

சவ்வுக்கு வருமுன்னரே குறைக்கத் தக்கவையும் பல. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு உப்பைத் தூவுகின்றனர். ஆலையில் அதனை ஊறவைக்குமுன் நன்றாக உதறித் தட்டினால், அவ்வுப்பில் ஒரு நல்ல பகுதி உலர்ந்த நிலையிலேயே கிடைத்துவிடும். உதறாமல் தொட்டியில் இட்டுக் கரைத்துவிட்டு, கரைந்ததைக் கோடிக்கணக்கான ரூபாய் பெறும் சவ்வினாற் பிரிப்பது என்ன விவேகம்? இதனை அறிந்தும் செய்யாதிருப்பதற்குக் காரணம், உதறுவோனுக்குக் கூலி தரவேண்டும்; ஆற்றுக்குக் கூலி தரவேண்டுவதில்லை. முதல் ஊறல் நீரைத் தனியே பிரித்து வெயிலிற் காயவைப்பதும், குரோமியத்தை மீட்டு மீண்டும் பயன்படுத்துவதும் ஆலையோர் அறியாதன அல்ல. அவற்றின் செலவு செருப்பின் விலையில் ஏறவேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நம் தோலை வாங்குவோர் அதனைத் தருவதற்கு மனமில்லாராயின், அவர் வாங்குவது மலிவான செருப்பன்று. நம் கிணற்று நீரையே வாங்குகின்றனர்.

நம் கல்லூரி செய்யத்தக்கது என்ன என்று வாசகர் வினவுவர். பெரிய ஆராய்ச்சியை நாம் முன்மொழியவில்லை. பாலாற்றங்கரையில் மாமண்டூரிலிருந்து வாயலூர் வரை பன்னிரண்டு கிணறுகளைத் தெரிந்து, தைத் திங்களில் ஒருமுறையும் வைகாசியில் ஒருமுறையும் நீர் மொண்டு வந்து, உப்பு, குரோமியம், கரிமப் பொருளின் அளவு ஆகியவற்றைச் சோதித்து, ஒரு பதிவேட்டில் ஆண்டுதோறும் எழுதிவருவோம். அப்பதிவேட்டின் படி ஒன்று ஒவ்வோர் ஊரின் பஞ்சாயத்து அலுவலகத்திற்கும் செல்லட்டும். இதற்கு வேண்டிய பியூரெட்டும் பிபெட்டும் நம் இரசாயன ஆய்வுக்கூடத்தில் உள்ளன. பட்ட வகுப்பு மாணவர் இச்சோதனைகளை எப்படியும் கற்கவேண்டியவரே. தண்ணீரின் கரிமத்தை அளக்கும் சோதனையில் டைக்குரோமேட்டும் பாதரச உப்பும் பயன்படுகின்றன. ஆதலால் சோதித்தபின் எஞ்சும் திரவத்தை நீர்த்தொட்டியில் ஊற்றாமல், மூடியுள்ள தனிக் கண்ணாடிக் குடுவைகளிற் சேர்த்து, நாளும் அளவும் எழுதிய சீட்டை ஒட்டி, உரியவரிடம் ஒப்படைக்கும்வரை பூட்டிவைத்தல் வேண்டும். பதிவேட்டின் முதற் பக்கம் கிணறுகளுக்கன்று, அக்குடுவைகளுக்கே ஆகுக. வரும் தை பிறக்குமுன் அப்பக்கத்தைக் கோடிட்டு வைப்போம்.